கணக்குக் கொப்பி யார் கையில்?

(கிளிநொச்சியில் வாசிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரை)



நீங்கள் சேர்ந்திருந்து வாசித்து முடித்த 'எரியும் பனிக்காடு' நாவலைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மலையிலிருந்து வந்த எனக்கு இது அந்நிய ஊராகத் தெரியவில்லை. பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் பக்கம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஏதோவொரு தோட்டத்தின் பெயர் வருகிறது. 1958இலும் 1977இலும் அடிபட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1970களில் தோட்டத்துப் பசிக்குத் தப்பி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

கதை நடப்பது தமிழ்நாட்டில், வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். டாக்டர் பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார், இரா.முருகவேள் 2007இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். ஆனால் படத்தோடு நின்றுவிடாதீர்கள். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர், அங்கே சங்கம் கட்டவும் உழைத்தவர். காய்ச்சலையும் சாவையும் கிட்ட நின்று பார்த்தவரின் எழுத்து அது.

சற்றுமுன் ஒரு தம்பி கேட்டார்: "மேஸ்திரியிட்ட முன்பணத்த வாங்கினது கருப்பன்தானே சேர், யார் அவன வற்புறுத்தினது?" நல்ல கேள்வி. வாங்கியது அவன்தான். திருநெல்வேலிச் சீமையில் கூலியும் இல்லை, கஞ்சியும் இல்லை. கொஞ்ச நாள் உழைத்துக் காசோடு திரும்பலாம் என்று மனைவி வள்ளியோடு புறப்பட்டான். மேஸ்திரி அடித்து இழுத்துப் போகவில்லை. கடன் போதுமானதாக இருந்தது. கொடுத்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று எழுதிய கொப்பி அவன் கையில் இல்லை. இருந்தாலும் அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

நம் ஆட்களுக்கும் இதே கதைதான். அங்கே மேஸ்திரி, இங்கே கங்காணி. தலைமன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். உங்கள் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. வழியில் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. பிழைத்துப் போனவனின் பெயரில் வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பற்றெழுதப்பட்டன. பிறகு 'துண்டு' வந்தது. இந்த ஆளின் கடனைத் தீர்த்தால் ஆளைத் தருகிறோம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி இன்னொரு தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுபோனால் கடனும் கூடவே போகும், சிலவேளை கூடியும் போகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள்.

"அது பழைய காலம்" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொன்னது கேட்டது. அக்கா, கோவிக்க வேண்டாம். யுத்தம் முடிந்த பிறகு வன்னிக்குள் நுண்கடன் கம்பனிகள் எத்தனை வந்தன? கிழமைதோறும் வாசலில் வந்து நின்றவர்கள் எந்தக் கொப்பியோடு நின்றார்கள்? வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. மலையிலும் அப்படித்தான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கையோடு கிலோவைக் கூட்டி, குறைந்தால் அரைப்பேர் போட்ட தோட்டங்களை நம் ஆட்கள் அறிவார்கள். சம்பளம் ஏறியதாகத்தான் தாளில் இருக்கும்.

கருப்பன் ஏமாளி என்று சிரிக்கிற பிள்ளைகளிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: வீட்டில் அம்மாவின் கடன் கொப்பியை எப்போதாவது விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வட்டி எத்தனை வீதம், தாமதக் கட்டணம் எவ்வளவு, கட்டியதெல்லாம் பதிந்திருக்கிறதா?

அடுத்த கூட்டத்துக்குப் புது நாவல் எடுக்கலாம் என்றார்கள். எடுங்கள், கட்டாயம் எடுங்கள். முதல் அரைமணி நேரம் மட்டும் எனக்குத் தாருங்கள். விருப்பமுள்ளவர்கள் கடன் கொப்பியையோ சம்பளச் சீட்டையோ கொண்டுவாருங்கள். பெயரை மறைத்துக்கொள்ளலாம். சத்தமாக வாசித்து, கூட்டிக் கழித்துப் பார்ப்போம். கணக்குப் பிழைத்தால் யாரிடம் எழுத்தில் கேட்பது என்பதையும் அன்றைக்கே பேசுவோம். பென்சிலும் கல்குலேட்டரும் நான் கொண்டுவருகிறேன்.