மீண்டு வாராத வால்வெள்ளி
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வால்வெள்ளி தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்று என் அப்பாச்சி சொல்லுவார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வால்வெள்ளியையோ அவர் கண்டிருக்கவே முடியாது. வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடிய மிக மங்கிய விண்மீனிலும் அது, கண்டுபிடிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 60,000 மடங்கு மங்கலாயிருந்தது.

2019 ஓகஸ்ட் 30ஆம் நாள் விடியற்பொழுதில், கிறைமியாவிலே கெனாடி பொறிசோவ் என்பவர், தாமே ஆக்கிய 65 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் வானைப் படம் பிடித்தார். சூரியனுக்கு அணித்தான அப்பகுதியைப் பெருந் தொலைகாட்டிகள் அதிகம் தேடுவதில்லை. படங்களை ஒப்பிட்டபோது மங்கிய புள்ளியொன்று இடம்பெயர்ந்திருந்தது. அது சென்ற திசை சிறுகோள்கள் செல்லும் திசையினின்றும் சற்று வேறுபட்டது. அதனைச் சுற்றிப் புகார் போன்ற ஒளியும் இருந்தது. அவர் அதன் இடத்தை அளந்து உடனே உலகுக்கு அறிவித்தார்.

ஓரிரவின் அளவீட்டால் பாதையை அறிதல் இயலாது. அது தருவது சிறு துண்டு மாத்திரமே. அத்துண்டு நீள்வளையத்தின் பகுதியானால், அப்பொருள் நம் சூரியனின் குடும்பத்தது, மீண்டும் வரும். அதிபரவளைவின் பகுதியானால், ஒருமுறை வந்து போகும் வழிப்போக்கன். ஆதலின் பலரும் இரவுக்கிரவு அளந்தனர். வால்வெள்ளி நகரும் வேகத்துக்கேற்பப் பல படங்களை ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தினால் விண்மீன்கள் கோடுகளாகும். மங்கிய புள்ளியோ துலங்கும். அதன் இடத்தை, இடம் தெரிந்த விண்மீன்களைக் கொண்டு கணிப்பர்.

மையவகற்சித்திறன் என்னும் எண் 1இலும் குறைந்தால் நீள்வளையம், மிகுந்தால் அதிபரவளைவு. பொறிசோவ் வால்வெள்ளிக்கு அவ்வெண் 3.36. செக்கனுக்கு 32 கிலோமீற்றர் வேகத்தோடு வெளியிலிருந்து வந்த அதனைச் சூரியன் வளைத்ததேயன்றிக் கட்டிவைக்க முடியவில்லை.

இதற்கு முன், 2017 ஒற்றோபரில் காணப்பட்ட ஓமுவாமுவா, சூரியனைச் சுற்றித் திரும்பிய பின்னரே கண்ணிற் பட்டது. சில மாதங்களில் மறைந்தது. அது எத்தன்மையது என்பதில் இன்றும் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. பொறிசோவின் வால்வெள்ளியோ, 2019 டிசெம்பர் 8இல் சூரியனை அணுகுமுன் மூன்று மாதங்களுக்கு மேல் நமக்குக் கிடைத்தது. அதனாலன்றோ அதில் காபனோரொட்சைட்டு வாயு மிகுந்திருந்ததையும், 2020 மார்ச்சில் அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்ததையும் அறிந்தோம்! மூன்றாவது விருந்தாளி 2025 யூலை 1இல் சிலி நாட்டிலுள்ள அற்லஸ் தொலைகாட்டியிற் பட்டது.

பொறிசோவ் வால்வெள்ளி வந்தபோது நான் பள்ளி மாணவன். அது போன பின்னரே செய்தியை அறிந்தேன். இனி எவரும் அதனைக் காணார். அன்று அளந்தவர் எழுதிவைத்ததே நமக்குள்ள செல்வம்.

நண்பர்களே, அத்தகைய தொலைகாட்டி நம்மிடம் இல்லை. எனினும் திங்களுக்கு ஓரிரவாவது வானை நோக்கி, கண்டதை நாளும் நேரமும் குறித்து எழுதிவைக்க ஒரு கொப்பி போதும். அந்தக் கொப்பியை இச்சங்கத்திலே இவ்வாண்டே தொடங்குவோமாக.