தொண்டருக்குப் பின்னால் நிற்பது யார்?



2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் பிரித்தானியா சைக்கிளோட்டத்தில் மட்டும் 8 தங்கம் வென்றது. 2012இல், நாங்கள் வாழும் இதே லண்டன் மாநகரில், மறுபடியும் 8 தங்கம். ஆனால் 1996இல் அட்லாண்டாவிலே நிலைமை என்ன? சைக்கிளோட்டத்தில் 2 வெண்கலம். எல்லா விளையாட்டுகளையும் கூட்டிப் பார்த்தாலும் இந்த நாட்டுக்கு அன்று கிடைத்தது ஒரேயொரு தங்கம்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் கேட்டால் உடனே பதில் வரும். 1994இல் மன்செஸ்டரில் உள்ளரங்க சைக்கிள் ஓடுதளம் திறந்தார்கள். 1997 முதல் தேசிய லொத்தர் பணம் வந்தது. விஞ்ஞானிகள் வந்தார்கள், சிறந்த பயிற்றுநர்கள் வந்தார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் மன்செஸ்டருக்குப் பயிற்சிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கார்டிஃப் நகரத்திலே மெயிண்டி என்றொரு இடம். 1951இல் திறந்த, கூரையில்லாத ஒரு கொங்கிரீட் ஓடுதளம். பக்கத்திலே நீச்சல் தடாகம். நீந்த வந்த ஒரு சிறுவன், வெளியே பிள்ளைகள் சைக்கிளில் சுற்றுவதைப் பார்த்துத் தானும் ஓட ஆசைப்பட்டான். மெயிண்டி ஃப்ளையர்ஸ் என்ற சிறுவர் கழகத்தில் சேர்ந்தான். அவன்தான் 2018இல் டூர் டி பிரான்ஸ் வென்ற கெரெய்ன்ட் தோமஸ். 2016இல் ரியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்ற எலினோர் பார்க்கரும் அதே கழகத்துப் பிள்ளைதான். அந்தச் சிறுவன் எட்டிப் பார்த்த அன்று கழகத்துக் கதவு பூட்டிக் கிடந்திருந்தால்? அதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர்கள் சம்பளம் வாங்கியவர்கள் இல்லை. மான் தீவிலே, டக்ளஸ் நகரில், டொட் டில்பரி என்ற அம்மையார் செவ்வாய்க்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தி வந்தார். அந்தப் போட்டிகளில் ஓடி வளர்ந்த மார்க் கவெண்டிஷ் பிறகு டூர் டி பிரான்ஸிலே 35 கட்டங்களை வென்றார். வேறு எவரும் எட்டாத எண்ணிக்கை அது.

நண்பர்களே, இப்படியொரு தொண்டர் கதவைத் திறக்கும்போது அவருக்குள் பயம் இருக்கும். ஒரு பிள்ளை விழுந்து கையை முறித்தால் யார் பொறுப்பு? வழக்குப் போட்டால் என் வீட்டை விற்பதா? பிள்ளைகளோடு பழகத் தகாத ஒருவர் பயிற்சி தர வந்து நின்றால் எனக்கு எப்படித் தெரியும்? வீதியிலே போட்டி வைத்தால் வாகனக்காரர் நிற்பார்களா? இந்தப் பயங்களை அவருடைய தோளிலிருந்து இறக்கித் தான் சுமப்பதே ஒரு தேசியச் சம்மேளனத்தின் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. பதக்கம் அதற்குப் பிறகு.

இதை இந்த நாட்டுச் சம்மேளனமும் நீண்ட காலம் அறியவில்லை. 1878இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிற்பாடு அது தேசிய சைக்கிளோட்டிகள் சங்கம் ஆனது. பொலிஸுக்கும் குதிரைவண்டிக்காரருக்கும் கோபம் வந்து சைக்கிளையே வீதியிலிருந்து விரட்டிவிடுவார்களோ என்று அந்தச் சங்கம் அஞ்சியது. அஞ்சி, பொது வீதியில் கூட்டமாக ஓடும் போட்டிகளுக்குத் தானே தடை போட்டது. ஓட்ட ஆசை கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவர் கண்ணிலும் படக்கூடாதென்று விடியற்காலையில், கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடுத்து, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு நேரத்தோடு போட்டியிட்டார்கள்.

1942 ஜூன் 7. உலகப் போர் நடக்கிறது. பெற்றோலுக்குக் கட்டுப்பாடு, வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. பேர்சி ஸ்டாலர்ட் என்ற மனிதர் சுமார் 40 ஓட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டு வேல்ஸின் லாங்கொத்லனிலிருந்து வுல்வர்ஹாம்டன்வரை கூட்டமாகப் போட்டி நடத்திக் காட்டினார். பொலிஸார் தடுக்கவில்லை, ஒத்துழைத்தார்கள்! தண்டித்தது யார் தெரியுமா? சொந்தச் சங்கம். ஸ்டாலர்ட்டையும் ஓடியவர்களையும் அது இடைநிறுத்தியது. அதே ஆண்டு அவர்கள் தனியாக ஒரு லீக் அமைத்தார்கள். இரண்டு தரப்பும் பல ஆண்டுகள் மோதிக் களைத்து, 1959இல் ஒன்றாகின. அந்த இணைப்பில் பிறந்ததுதான் இன்றைய பிரிட்டிஷ் சைக்கிளிங்.

பெற்றோல் இல்லாத வீதியில் சைக்கிள் என்ன செய்யும் என்பதை எங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், யாழ்ப்பாணத்திலே, நோயாளியையும் நெல் மூட்டையையும் சைக்கிளில் ஏற்றிப் போனவர்கள், டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்தக் கால்களுக்குப் பிறந்த பிள்ளைகள்தான் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள்.

தடுத்த சங்கம் தாங்கும் சம்மேளனமாக மாறியது எப்படி? இன்று ஒரு கழகம் ஆண்டுக் கட்டணம் செலுத்தி அங்கத்துவம் பெற்றால், அதன் நடவடிக்கைகளுக்குப் பொறுப்புக் காப்புறுதி கிடைக்கிறது. பயிற்சி தர விரும்பும் தாய் தந்தையருக்குப் படிப்படியான பயிற்றுநர் பாடநெறி இருக்கிறது. பிள்ளைகளோடு பணியாற்றுபவரின் பின்னணியைச் சோதிக்க ஒழுங்கு இருக்கிறது. பிள்ளைகளின் நலனுக்கென்றே ஒருவரைக் கழகம் நியமிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மனக்குறை வந்தால் யாரிடம் போவது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் சலிப்பூட்டும் காகித வேலை என்று சிலர் முணுமுணுப்பார்கள். இந்தக் காகிதங்களை நான் மிகவும் மதிக்கிறேன். தொண்டர் இரவில் நிம்மதியாகத் தூங்குவது இவற்றால்தான்.

சிறுவர்களுக்கென்று கோ-ரைட் என்ற திட்டம். வாகனம் வராத புல்வெளியிலே கூம்புகளை வைத்து, ஒரு கையால் ஓடுவது, வளைவில் உடலைச் சாய்ப்பது, பக்கத்தில் ஓடுபவரோடு முட்டாமல் வருவது என்று தொடங்குவார்கள். பிறகு சின்னச் சின்னப் போட்டிகள். 8 வயதுக்கு உட்பட்டோரிலிருந்து 16 வயதுக்கு உட்பட்டோர்வரை ஐந்து பிரிவுகள். வீதிப் போட்டிகளுக்கென்று மார்ஷல்களைப் பயிற்றி, பொலிஸ் தலைமையின் அங்கீகாரத்தோடு நிறுத்தற் பலகையைக் கையில் கொடுக்கிறார்கள். மார்ஷல் அதை உயர்த்தினால் வாகனக்காரர் நின்றே ஆகவேண்டும். ஸ்டாலர்ட்டின் காலத்தில் போட்டி நடத்தியவரையே தண்டித்த அமைப்பின் வாரிசு, இன்று வீதியை நிறுத்தும் அதிகாரத்தைத் தொண்டருக்கு வாங்கிக் கொடுக்கிறது!

இடம் இல்லாமல் கழகம் இல்லை. தென் லண்டனில் ஹேர்ன் ஹில் ஓடுதளத்தைப் பாருங்கள். 1891இல் திறந்தது. 1948 ஒலிம்பிக்கின் ஓடுதளச் சைக்கிளோட்டம் அங்கேதான் நடந்தது. பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிராட்லி விக்கின்ஸ் சிறுவனாக முதன்முதலில் போட்டியிட்டது அங்கேதான். 2005இல் குத்தகைப் பிரச்சினையில் அதன் வாசல் மூடியது. மைதானமே போய்விடும் என்ற நிலை. அப்போது பிரிட்டிஷ் சைக்கிளிங் தற்காலிகக் குத்தகையை ஏற்றது. கழகத் தொண்டர்கள் அங்கே பயிற்சிகளை நடத்தினார்கள். 2011இல் தளத்துக்குப் புது மேற்பரப்பு, 2017இல் புதிய மண்டபம். சம்மேளனம் மட்டும் இருந்திருந்தால் அது வெறும் குத்தகைப் பத்திரம்; தொண்டர்கள் மட்டும் இருந்திருந்தால் அவர்கள் பூட்டிய வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள். இரண்டும் சேர்ந்ததால் இன்றும் அங்கே பிள்ளைகள் ஓடுகிறார்கள். 2019இல் சம்மேளனமும் ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற நிதி அமைப்பும் அரசும் சேர்ந்து, உள்ளூர்க் கழகங்களும் சமூகங்களும் ஓட இடம் அமைக்க 1.5 கோடி பவுண் ஒதுக்கின. அந்த ஆண்டின் மிக நல்ல செய்தி என்று நான் சொல்வது அதைத்தான்.

ஆனால் புகழ்ந்துவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. சம்மேளனத்துக்கு இரண்டு பைகளில் பணம் வருகிறது. பதக்கத்துக்கான பணம் யூகே ஸ்போர்ட் வழியாக, மக்களின் பங்கேற்புக்கான பணம் ஸ்போர்ட் இங்கிலாந்து வழியாக. முதற் பையிலே வெற்றியை எண்ணுவது எளிது. அதனால் எல்லோருடைய கண்ணும் அங்கேயே. 2017இல் வெளிவந்த சுயாதீன மீளாய்வு, சம்மேளனத்தின் உயர்நிலை அணியின் தலைமையையும் அங்கே மனிதர்களை நடத்திய விதத்தையும் கடுமையாகக் குறை கூறியது. பதக்கம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது பாடம். இன்னும் ஒன்று: நல்ல சைக்கிளின் விலை ஒரு சாதாரணக் குடும்பத்தைத் திகைக்க வைக்கிறது. கழகங்கள் இரவல் சைக்கிள் வைத்திருக்கப் பணம் வேண்டும். லண்டனின் பல கழகங்களில் எங்கள் நிறத்து முகங்கள் மிகக் குறைவு. இதைச் சரிசெய்ய சம்மேளனம் இன்னும் நிறையச் செய்ய வேண்டும். கடிதம் எழுதிக் கேட்போம், அங்கத்தவர்களாகக் கூட்டத்தில் எழுந்து கேட்போம். அது எங்கள் உரிமை.

கூடவே, பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளையைக் கழக வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போகிறோம். வகுப்பு முடிந்ததும் வந்து ஏற்றிக்கொண்டு போகிறோம். உள்ளே நாலு பேர் நாற்பது பிள்ளைகளோடு நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் சோர்ந்து விலகினால் அந்த வகுப்பு நின்றுவிடும். கூம்பு அடுக்கவும், பெயர் பதியவும், கொடி பிடிக்கவும் பட்டம் தேவையில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் எங்களிலே எத்தனை பேர்! கழகங்கள் பொருளாளர் கிடைக்காமல் தவிக்கின்றன.

இலையுதிர்காலம் வந்தால் கழகங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டங்கள் தொடங்கும். இந்த விழா முடிந்ததும் நான் வாசலருகே நிற்பேன். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கழகத்தின் செயலாளரிடம் நானே உங்களை அழைத்துப் போகிறேன்.