வீட்டுப் பட்டறையில் எண்ணெய்களும் கரைப்பான்களும்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. மாட்டுவண்டியின் அச்சுக்கு இடும் மையை நாம் மசகு என்றோம். அடுத்த வீட்டுத் தெலுங்கர் கந்தென என்றார். வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்யப்பட்ட அந்த மை, வண்டி போகுமிடமெல்லாம் வண்டியோடு கூடவே போயிற்று. வேண்டிய பொருள் வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

இன்று வண்டி போய்விட்டது. வீட்டுக்கு வீடு இயந்திரங்கள் வந்துவிட்டன. தையல் இயந்திரம், மிதிவண்டி, நீர் இறைக்கும் மோட்டார், துளையிடும் கருவி, பூட்டு, கீல் ஆகிய யாவும் எண்ணெய் கேட்கின்றன. ஆகவே வீட்டின் ஒரு மூலையில் சிறு பட்டறை வைத்திருப்போர், எவ்வெவ் எண்ணெய்களையும் கரைப்பான்களையும் கையருகே வைத்துக்கொள்ளலாம், எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்த வேண்டும். கரைப்பான் அழுக்கை நீக்குவது; மசகு தேய்வைத் தடுப்பது. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது. மிதிவண்டிச் சங்கிலி கிறீச்சிட்டால் அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு, எண்ணெய் இட்டாயிற்று என்று எண்ணுவோர் உண்டு. மண்ணெண்ணெய் பழைய பிசுக்கைக் கரைத்துவிடும். அத்துடன், எஞ்சியிருந்த மசகையும் கொண்டுபோய்விடும். ஓசை ஒரு நாள் அடங்கும். தேய்வு மறுநாள் தொடங்கும். சங்கிலியைக் கரைப்பானால் கழுவித் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் ஒற்றி எடுப்பதே முறை. மிகுந்த எண்ணெய் நம் சாலைப் புழுதியை வாரிச் சேர்க்கும்.

இனி, அடுக்களை எண்ணெய். சித்தூர்ச் சீமை நிலக்கடலைக்குப் பேர்போனது. கடலை எண்ணெய் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஆயினும் அதனைத் தையல் இயந்திரத்தில் விடுதல் கூடாது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று நாளடைவில் பிசினாக இறுகும் இயல்புடையவை. விளக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் இறுகுவதில்லை. முதல் உலகப் போரில் சில விமான இயந்திரங்களுக்கே அது மசகாகப் பயன்பட்டது. எனினும் தையல் இயந்திரத்தின் நுண்ணிய உறுப்புகளுக்கு அதுவும் தடிப்பானது. கடையில் விற்கும் மெல்லிய தையல் இயந்திர எண்ணெயே தக்கது.

அப்படியாயின் பலகையில் எவை வேண்டும்? மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சிறு குப்பி. சக்கரக் குடத்துக்கும் குண்டுதாங்கிகளுக்கும் கிரீஸ் ஒரு டப்பா. பூட்டுக்குச் சிறிது கரிப்பொடி, அதாவது பென்சிலின் உட்கரி. கழுவுவதற்கு மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ கால் லிட்டர். ஈரத்தை அகற்றும் தெளிப்புத் திரவம் ஒரு டப்பா. இவ்வைந்தும் போதும்.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஒரு சொல். டபிள்யூ.டி.-40 என்ற தெளிப்பை இன்று பலரும் அறிவர். 1953-இல் அமெரிக்காவில், உலோகத்தின் மேலுள்ள நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்கென ஆக்கப்பட்டது அது. 2021 நவம்பரில் பெருமழை வெள்ளம் திருப்பதி வீதிகளில் புகுந்ததே, அத்தகைய நாட்களுக்குப்பின் நனைந்த கருவிகளைக் காக்க இவ்வகைத் தெளிப்பு உதவும். மின்கருவியாயின் இணைப்பைத் துண்டித்த பின்னரே தெளித்தல் வேண்டும். ஆனால் அது நீடித்து நிற்கும் மசகன்று. ஈரம் போனபின் உரிய எண்ணெயை இட்டேயாக வேண்டும்.

இனிச் சொல்லப்போவதே இப்பேச்சில் முதன்மையானது. திரவ எரிபொருள் எரிவதற்கு முன் ஆவியாகிறது. அந்த ஆவியே தீப்பற்றுகிறது. பெட்ரோலின் ஆவி, உறைபனிக் குளிரிலும் ஒரு பொறி பட்டால் பற்றும். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம், 23 பாகை செல்சியஸுக்குக் கீழேயே இவ்வாறு பற்றக்கூடியவற்றைத் தனி வகுப்பாக, ஏ வகுப்பாக, வைத்திருக்கிறது. மண்ணெண்ணெய் அடுத்த வகுப்பைச் சேர்ந்தது. அதற்கு இந்தியத் தரநிர்ணயம் வகுத்துள்ள கீழெல்லை 35 பாகை. குளிர்நாட்டு நூல்கள் மண்ணெண்ணெயை ஓரளவு அச்சமற்றது என்று கூறுவது இதனால்தான். ஆனால் திருப்பதியில் கோடைப் பகலின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுகிறது. தகரக் கொட்டகைக்குள் இன்னும் மிகும். ஆகவே அந்நூல்களின் ஆறுதல் மே மாதத்தில் நமக்குப் பொருந்தாது.

மண்ணெண்ணெய் முன்போல எளிதில் கிடைக்காத இந்நாளில், வாகனத்திலிருந்து பெட்ரோலை இறக்கிக் கருவிகளைக் கழுவும் பழக்கம் பரவக்கூடும். அது வேண்டவே வேண்டாம். பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. அது தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையிலுள்ள அடுப்பையும் எட்டிவிடும்.

துணியிலும் கவனம் வேண்டும். மரத்துக்கு மெருகிட ஆளிவிதை எண்ணெய் தோய்த்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தானே தீப்பற்றக்கூடும். அதனை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் இட்டு மூட வேண்டும்.

இவ்வனைத்தினும் கொடியது, குடிநீர்க் குப்பியிலும் குளிர்பானக் குப்பியிலும் மண்ணெண்ணெயையோ தின்னரையோ ஊற்றி வைப்பது. வேனிலில் விளையாடிக் களைத்து வரும் குழந்தை குப்பியின் வடிவத்தைத்தான் பார்க்கும், உள்ளிருப்பதை ஆராயாது. அவ்வாறு குழந்தை அருந்திவிட்டால், வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து பெருங்கேடு விளைக்கும். உப்புநீரும் புகட்ட வேண்டாம். 108 என்னும் எண்ணை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அருந்திய குப்பியையும் உடன் எடுத்துச் செல்க. அந்நேரம் இருமல் இல்லையே என்று வாளாவிருத்தல் ஆகாது. மூச்சுத் துன்பம் சில மணி நேரம் கழித்தும் தோன்றும்.

ஆகவே, கையருகே வைப்பது என்பதற்குப் பொருளை நாம் வரையறுத்துக்கொள்வோம். அளவு சிறிதாக இருக்கட்டும். பொருள் தன் சொந்தக் கலத்திலேயே இருக்கட்டும். அக்கலத்தின்மீது அதன் பெயர் தமிழிலோ தெலுங்கிலோ, இயன்றால் இரண்டிலுமோ, பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். நம் வீடுகளில் இரு மொழியும் படிப்போர் இருக்கிறார்கள். பெரியவர் கைக்கு எட்டும், குழந்தை கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய அலமாரி ஒன்று, அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் விலகி அமையட்டும். கழிந்த எண்ணெயைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், அதைச் சேர்த்து வைக்கும் வாகனப் பழுதுபார்ப்போரிடம் கொடுத்துவிடுவோம்; நிலத்தில் இறங்குவது நாளை நாம் அருந்தும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கக்கூடும்.

ஒரு துளி எண்ணெய் ஓர் இயந்திரத்தின் ஆயுளை வளர்க்கும். பெயர் எழுதிய ஒரு சீட்டு ஓர் உயிரையே காக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாழிகை ஒதுக்கி, நம் வீட்டுக் குப்பிகளை வெளியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரை எழுதுவோமாக.