கணினியில் கித்தார் ஓசை

தோட்டத்து இளைஞர் பலருக்குக் கித்தார் என்றால் உயிர். மெட்டமைத்துக் கணினியில் இசைக்குறியாக எழுதிப் பார்க்கவும் ஆசை. அதற்கு மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், எழுதியதை ஒலிக்கச் செய்தால் கித்தார் மீட்டுவதுபோல் இல்லை. மேசையைத் தட்டுவதுபோல் இருக்கிறது. "நமக்கு இசை வராது" என்று பிள்ளை எழுந்துவிடுகிறான். குறை பிள்ளையிடம் இல்லை. காரணத்தைப் பார்ப்போம்.

கித்தாருக்கு 6 தந்திகள். கை கீழே இறங்கும்போது தடித்த தந்தி முதலிலும் மெல்லிய தந்தி கடைசியிலும் ஒலிக்கும். இடைவெளி நொடியில் சிறு பங்குதான். ஆயினும் நம் காது அதை அறியும். கணினியோ எல்லாச் சுரங்களையும் ஒரே கணத்தில் ஒலிக்கிறது. ஆகவே, நாம் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, கித்தாரின் பிடியை அப்படியே எழுதுவது. ஜி மேஜர் கோர்டுக்குப் பாடநூலில் ஜி, பி, டி என்று 3 சுரங்கள். கித்தாரிலோ, வழக்கமான பிடியில், தடித்த தந்தியிலிருந்து ஜி, பி, டி, ஜி, பி, ஜி என்று 6 சுரங்கள். ஆறையும் எழுதுவோம்.

இரண்டாவது, அர்பெஜியோ. கோர்டின் இடப்பக்கம் நிற்கும் நெளிகோடு அது. அதை இட்டால் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். அம்பு மேல்நோக்கினால் தாழ்ந்த சுரம் முதலில் வரும். கை கீழே இறங்கும் மீட்டலுக்கு உரியது அதுவே. அம்பு மேலே, கை கீழே! பலர் தடுமாறும் இடம் இது. விரியும் நேரத்தை மிகக் குறுக்கி வைக்க வேண்டும். நீண்டால் ஒவ்வொரு தந்தியாக வருடுவதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது, மேல்மீட்டல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணும்போது கை கீழே, இடையில் மேலே. மேலே வரும்போது மெல்லிய தந்திகள் மூன்று நான்கையே கை தொடும். ஆகவே, அந்தச் சுரங்களை மட்டும் எழுதி, ஓசையையும் சற்றுக் குறைப்போம். கை தந்தியைத் தொடாமல் கடக்கும் இடத்தில் ஓய்வுக்குறி வேண்டாம்; முந்திய கோர்டையே நீட்டிவிடுவோம். தந்தியின் அதிர்வு உடனே அடங்கிவிடாது அல்லவா?

பெற்றோர்களே, வாத்தியக் குழுவை அமர்த்த வசதியில்லாத பள்ளி விழாவில், நம் பிள்ளைகளின் பாட்டுக்கு இந்த ஓசை துணை நிற்கும். ஆனால், கணினிக்குக் காது கிடையாது. உண்மைக் கித்தாரைக் கேட்டுப் பழகிய பிள்ளையே சரி எது, தவறு எது என்று சொல்ல முடியும். ஆதலால், முதலில் கேட்கப் பழக்குவோம். பிறகு எழுதப் பழக்குவோம்.