களிமண் கொல்லையில் ஷட்டில் கோர்ட்: கான்கிரீட் போடும் முன் கவனிங்க

பிள்ளைங்க விளையாட வீட்டுக்குப் பின்னாடியே ஒரு ஷட்டில் கோர்ட் போடலாம்னு நினைக்கிறவங்களுக்காக இன்றைக்குப் பேசுகிறேன். உங்க இடம் திருவாரூர் பக்கத்துக் களிமண்ணோ, கோவில்பட்டி பக்கத்துக் கரிசலோ என்றால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க. செம்மண் பூமிக்காரங்களுக்கு இந்தக் கவலை குறைவு.

கோடையில் உங்க கொல்லையைப் பாருங்க. தரை பாளம் பாளமாக வெடித்து, விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விடுதா? ஐப்பசி மழையில் அந்த விரிசல் தானாகவே மூடிக்குதா? அப்படின்னா உங்க மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கரிசலில் இருக்கும் மாண்ட்மொரில்லோனைட் என்ற கனிமம்தான் இதற்கு முக்கியக் காரணம். வீட்டுச் சுவர் பாரத்தால் மண்ணை ஓரளவு அமுக்கிப் பிடிக்கும். 4 அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அந்தப் பாரம் கிடையாது. மண் அதைச் சுலபமாகத் தூக்கிவிடும். ஓரம் நனைந்து, நடு காய்ந்து இருந்தால் தளம் ஒரே சீராகத் தூக்காது, உடையும். பின்பக்கமாக ஓடி கார்க்கை எடுக்கிற பிள்ளைக்கு அரை அங்குல மேடு போதும், கணுக்கால் பிசகிவிடும்.

சந்தேகம் இருந்தால் மண்ணைச் சோதிச்சுப் பாருங்க. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை அறிக்கை பயிருக்கானது. தழை, மணி, சாம்பல் சத்து எவ்வளவுன்னு சொல்லும், மண் உப்புமான்னு சொல்லாது. நமக்குத் தேவை உப்பும் தன்மைச் சோதனை. பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் கேட்டுப் பாருங்க. காயவைத்துச் சலித்த மண்ணில் 10 கிராமைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் எத்தனை சதவீதம் கூடுதலாக உப்பியது என்பதுதான் முடிவு. 50-க்குள் என்றால் பெரிய பயமில்லை. 100-ஐத் தாண்டினால் மேல்மண்ணை மாற்றாமல் கான்கிரீட் போடவே வேண்டாம்.

இரட்டையர் கோர்ட்டின் அளவு 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர். சுற்றி ஓட இடம் விட்டால் 16-க்கு 8.5 மீட்டர், அதாவது சுமார் 3.4 சென்ட். 2 அடி ஆழம் தோண்டி மாற்றினால் அழுத்திய பிறகு 29 யூனிட் வரும். லாரியில் வருவது உதிரி மண் என்பதால் 35 யூனிட்டுக்குக் குறையாமல் கணக்கு வையுங்க. செலவில் பெரும்பகுதி இங்கேதான் போகும். மேலே அடிக்கிற பச்சை பெயிண்டுக்கு விலை கேட்கும் முன் இதற்குக் கேளுங்க.

என்ன மண்ணால் நிரப்புவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "எம்-சாண்ட் கொட்டிடலாம் சார், சும்மா கல்லு மாதிரி நிக்கும்" என்பார்கள். நிற்காது. சுற்றிலும் தண்ணீர் இறங்காத களிமண், நடுவில் மணல் நிறைந்த குழி. மழை பெய்தால் அது தொட்டிதான். அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் களிமண்ணை மாதக்கணக்கில் உப்ப வைத்துக்கொண்டே இருக்கும். செம்மண் கலந்த கிராவலைக் கேளுங்க. அது உப்பாது, தண்ணீரையும் சுலபமாக உள்ளே விடாது. அரை அடி அரை அடியாகப் பரப்பி, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் ஓட்டி அழுத்தணும். 2 அடியையும் ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் அடியில் இருப்பது அழுந்தாது. கிராவல் லாரி வந்ததும் நடைச்சீட்டு கேளுங்க.

ஏரி, குளத்து வண்டல் மண்ணை இ-சேவை இணையதளம் வழியாக வட்டாட்சியர் அனுமதி பெற்று இலவசமாக எடுக்கலாமே என்று கேட்பீங்க. அது விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் தரப்படுகிற அனுமதி. தவிர, வண்டலும் களிமண் ஜாதிதான். அதைப் போட்டு மேடாக்கினால் பழைய கதைதான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். தளத்துக்கு ஒரே பக்கமாக 1 சதவீதச் சரிவு கொடுங்க, 8.5 மீட்டர் அகலத்துக்கு எட்டரை சென்டிமீட்டர். ஆடும்போது தெரியாது. கூரைத் தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் எதுவும் கோர்ட் பக்கம் வரக்கூடாது. 2003 முதல் நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நல்லது. ஆனால் அந்தக் குழியைக் கோர்ட்டை ஒட்டித் தோண்டாதீங்க. பெரிய வேப்பமரம் பக்கத்தில் இருந்தாலும் தள்ளியே போடுங்க, கோடையில் வேர் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தை இறக்கிவிடும்.

எப்போது போடுவது? சித்திரை வெயிலில் வேலை வேகமாக நடக்கும், ஆனால் அப்போதுதான் மண் முழுசாகச் சுருங்கிக் கிடக்கும். ஐப்பசியில் உப்புவதற்கு நிறைய இடம் இருக்கும். மழை முடிந்து சேறு காய்ந்த தை, மாசிதான் என் கணக்கில் சரி. கான்கிரீட்டை 3 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் வெட்டச் சொல்லுங்க. எங்கே விரிசல் விடணும்னு நாமே முடிவு செய்கிற மாதிரி. பி.பி.சி. சிமென்ட் என்றால் ஐ.எஸ். 456 தரவிதிப்படி குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைக்கணும்.

இத்தனைக்கும் பணம் இல்லையா? கான்கிரீட்டை விட்டுடுங்க. மேலே செம்மண் பரப்பி, ரோலர் ஓட்டி, மண் தரையாகவே வைங்க. கோடையில் விரிசல் விட்டால் ரெண்டு கூடை செம்மண்ணைத் தூவி நிரப்பினால் முடிந்தது. உடைந்த கான்கிரீட்டை அப்படி நிரப்ப முடியாது. அதே தரையில் கபடியும் ஆடலாம்.

கான்கிரீட் போடுகிறவங்களுக்கு இன்னொன்று. ஒப்பந்ததாரரிடம் கடைசித் தவணை முதல் நல்ல மழைக்குப் பிறகுதான் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கோங்க. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்க. தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தைச் சாக்பீஸால் வளைத்து, செல்போனில் படம் எடுத்து, அவருக்கு அனுப்புங்க.