நாம் பிரிந்த சந்தை



வணிகக் கூட்டமைப்பிலிருந்து ஒரு நாடு விலகலாமா என்று வாதிடும் நம் மாணவர்கள் பெரும்பாலும் பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பையே எடுத்துக்காட்டுகின்றனர். அத்துணைத் தொலைவு செல்வானேன்? அவ்வழக்கு நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

1963ஆம் ஆண்டின் மலேசிய உடன்பாட்டில் பொதுச் சந்தைக்கான விதிகள் ஒரு பின்னிணைப்பாகவே இடம்பெற்றன. சிங்கப்பூர் இணைய விரும்பியதற்கு அச்சந்தை ஒரு பெருங்காரணம். இத்தீவின் மக்களுக்கு மட்டும் பொருள் செய்தால் ஆலைகள் நிலைக்கா. தீபகற்பம் முழுவதும் சுங்க வரியின்றி விற்றாக வேண்டும். நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் கணக்கு அதுவே. ஆனால் 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் நாம் பிரிந்தபோது அச்சந்தை உருவாகியிருக்கவில்லை. நாம் இழந்தது சந்தையை அன்று, சந்தை வரும் என்ற எதிர்பார்ப்பை. நாற்பதாண்டுக்கு மேல் ஒரே சந்தையில் வேரோடியிருந்த பிரிட்டனின் நிலை வேறு. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது வாதமாகாது.

பின்னர் நாம் உலகச் சந்தைக்கே பொருள் செய்யத் துணிந்தோம், வென்றோம். ஆயினும், "விலகினால் வளரலாம்" என்பதற்கு இதனைச் சான்றாக்குவது நமக்கு உடன்பாடன்று. அன்று உலக வணிகம் பெருகிக்கொண்டிருந்தது. மின்னணு நிறுவனங்கள் கீழ்த்திசையில் இடம் தேடின. காலமும் கைகொடுத்தது. மேலும், நாம் நெடுநாள் தனித்து நிற்கவுமில்லை. பிரிந்து இரண்டாண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில் ஆசியான் பிறந்தது. மலேசியாவும் நாமும் அதன் நிறுவன உறுப்பினர்கள். தடையற்ற வணிக வட்டாரத்திற்கு அவ்வமைப்பு 1992இல் கையொப்பமிட்டதும் இந்நகரில்தான்.

இந்தியாவின் கதையோ இன்னும் முடியவில்லை. பதினாறு நாடுகளின் வட்டார விரிவான பொருளியல் பங்காளித்துவப் பேச்சிலிருந்து 2019 நவம்பரில் பாங்காக்கில் அது விலகியது. நியூசிலாந்துப் பால்பொருளும் சீனச் சரக்கும் வந்து குவியும் என்று உழவரும் சிறுதொழிலாளரும் அஞ்சினர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுவோர் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தை அறியாதவர்.

ஆயினும் சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு இந்தியச் சரக்கு வருவது நிற்கவில்லை. 2005இல் கண்ட இருதரப்பு உடன்பாடு இருந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்குத் தனி அனுமதி அறிவித்தது. சிறப்பு உறவே காரணம் என்றது. எனினும் அவ்வனுமதி கேட்டுப் பெற்ற சலுகை, உரிமை அன்று.

இந்தியா இல்லாமலே பதினைந்து நாடுகள் 2020இல் கையொப்பமிட்டன. புதிதாகச் சேர விழையும் பிற நாடுகள், உடன்பாடு நடப்புக்கு வந்தபின் பதினெட்டுத் திங்கள் பொறுத்திருக்க வேண்டும் என்று அவை விதித்தன. இந்தியாவுக்கு மட்டும் அக்காத்திருப்பு இல்லை. அதன் இருக்கை இன்றும் வெறுமையாகவே உள்ளது.