வைஃபை உண்டா என்று மட்டும் கேட்டேன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரிசார்ட்டில் தங்கும்போது செல்போனில் நெட் கிடைக்க என்ன வழி என்பதுதான் இன்றைய பேச்சு. இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். போன டிசம்பரில் நாம் இடுக்கிப் பக்கம் போன சுற்றுலாதான் காரணம். வந்தவர்களுக்குக் கதை தெரியும். வராதவர்களுக்காகவும், மின்மடலில் வாசிக்கும் உங்களுக்காகவும் மறுபடி சொல்கிறேன். அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

பதினொரு குடும்பம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ரிசார்ட். ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. புக் பண்ணும்போது நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "வைஃபை உண்டா?" உண்டு என்றார்கள். பொய் சொல்லவில்லை, நன்றாகவே இருந்தது. அன்று ராத்திரி பிள்ளைகள் சினிமா பார்த்தார்கள். நான் பேரனோடு அரைமணி நேரம் வீடியோ காலில் பேசினேன். ஒருவர் போனிலும் சிக்னல் கட்டை ஒன்றுகூட இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெட்தான் ஓடுகிறதே!

அதே நேரம் இங்கே, நம் கட்டடத்தில், வந்தவர்களில் ஒருவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எண்பது வயதுக்கு மேல். துணைக்கு இருந்த அக்கா தன் பட்டன் போனில் மகனை அழைத்தார். "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றது. செக்யூரிட்டி அண்ணன் ரெஜிஸ்டரைப் பார்த்து அழைத்தார். எனக்கும் அழைத்தார். எல்லாருக்கும் அதே பதில். கடைசியில் இரண்டாம் மாடித் தம்பி தன் காரில் ஏற்றி மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்பது. அது மகனுக்குத்தான் தெரியும். அந்த மகன் வைஃபை இருக்கிற அறையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். அறைக்கு இரண்டு போன்தான் வைஃபையில் சேரும் என்பதால் தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஆகவே வாட்ஸ்அப்பில் அழைத்திருந்தாலும் கிடைத்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை பஸ் இறங்கும்போது ஒரு வளைவில் எல்லாப் போனும் ஒரேயடியாகச் சத்தம் போட்டது. அவர் போனில் மட்டும் இருபத்து மூன்று தவறிய அழைப்பு. இன்று அம்மா நலமாக இருக்கிறார், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்த வளைவில் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தை நான் மெனக்கெட்டுப் படித்தேன்.

நெட் வேறு, போன் வேறு. வைஃபை என்பது ரிசார்ட்டுக்காரர் கேபிள் வழியாகவோ வேறு வழியாகவோ இழுத்து வந்து அறையில் தெளிக்கிற இணையம். நம் சிம்முக்கு வரும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் செல்போன் கோபுரத்திலிருந்து வருபவை. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். அதனால் புக் பண்ணும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். வைஃபை அறைக்குள் கிடைக்குமா, வரவேற்பறையில் மட்டுமா? எந்தக் கம்பெனி சிம்முக்கு அறைக்குள் சிக்னல் வரும்? இரண்டாவதுக்கு ரிசப்ஷனில் இருப்பவரைவிட அங்கே வேலை பார்க்கும் ரூம் பாய் சரியான பதில் சொல்வார். அவர் வீட்டுக்குப் பேச வேண்டுமே!

வைஃபை இருந்து சிக்னல் இல்லாத இடத்துக்கு ஒரு மருந்து உண்டு. வைஃபை காலிங் என்று பெயர். நம் நாட்டில் 2019 இறுதியில் வரத் தொடங்கியது. சாதாரண அழைப்பே, உங்கள் அதே நம்பருக்கே, கோபுரத்துக்குப் பதிலாக வைஃபை வழியாக வரும். அழைப்பவர் பட்டன் போனில் அழைத்தாலும் உங்கள் போன் அடிக்கும். தனிக் கட்டணம் இல்லை. டிசம்பரில் அவர் போனில் இது இருந்தது, ஆனால் ஆன் செய்யப்படவில்லை. என் போனிலும் அப்படித்தான். செட்டிங்ஸில் சிம் கார்டு அல்லது நெட்வொர்க் பகுதிக்குள் போய்த் தேடினால் கிடைக்கும்.

எல்லாச் சிம்முக்கும் எல்லாப் போனுக்கும் இது வேலை செய்யாது. வீட்டிலேயே சோதித்துவிடலாம். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். இப்போது வேறு போனிலிருந்து உங்கள் நம்பரை அழைக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் உங்களுக்கு உண்டு. அடிக்காவிட்டால் இல்லை. சிக்னலே இல்லாத ரிசார்ட்டில் இதே நிலையில் வைத்தால் பேட்டரியும் மிச்சம். இல்லையென்றால் போன் ராத்திரி முழுவதும் கோபுரத்தைத் தேடித்தேடிக் காலையில் செத்துக்கிடக்கும்.

சிக்னல் மங்கலாக வருகிற இடமென்றால் வேறு வழி. குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 5ஜிக்கு நம் கம்பெனிகள் பெரும்பாலும் பயன்படுத்துவது 3300 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும். அது வேகமானது, ஆனால் மலை மறைத்தால் படுத்துவிடும். ஆகவே 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால் செட்டிங்ஸில் 4ஜிக்கு மாற்றி வையுங்கள், நிலையாக நிற்கும். வராண்டாவில் ஒரு போனுக்கு மட்டும் சிக்னல் கிடைக்கிறதா? அதை ஜன்னலோரம் சார்ஜரில் போட்டு ஹாட்ஸ்பாட் ஆன் செய்தால் குடும்பமே நெட் பார்க்கலாம். பாஸ்வேர்டு போடுங்கள். ஆனால் தினசரி இரண்டு ஜிபி பிளான் என்றால் பிள்ளைகள் ஒரு சினிமாவில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருவது 64 கேபிபிஎஸ், அதில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், படம் போகாது.

வைஃபை பட்டியலில் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று இருந்தால் மயங்க வேண்டாம். அது 5ஜி போன் சேவை இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ரவுட்டருக்குப் பக்கத்து அறை என்றால் அதில் சேருங்கள். தூரத்து காட்டேஜ் என்றால் 5ஜி போடாத மற்றப் பெயரில் சேருங்கள்.

சேர்ந்துவிட்டது என்று காட்டும், நெட் வராது. பலருக்கும் வரும் தொல்லை இது. ரூம் நம்பரோ ஓடிபியோ கேட்கிற ஒரு பக்கம் திறக்க வேண்டும், அது திறக்காமல் நிற்கும். விபிஎன் இருந்தால் அணையுங்கள். மொபைல் டேட்டாவையும் கொஞ்ச நேரம் அணையுங்கள். வைஃபையை ஒருமுறை மூடித் திறந்து, வரும் அறிவிப்பைத் தொட்டால் பெரும்பாலும் திறந்துவிடும்.

ஏன் இந்த ஓடிபி கெடுபிடி, காசு கொடுத்துத்தானே தங்குகிறோம் என்று டிசம்பரில் நம்மவர் ஒருவர் ரிசப்ஷனில் சண்டை போட்டார். ரிசார்ட்டுக்காரர் மேல் தப்பில்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. அதற்குச் சில நிமிடம் முன்பு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று போனது. விசாரித்தால், நவி மும்பையில் ஒரு ஃபிளாட்டில் பூட்டாமல் கிடந்த வைஃபை வழியாக யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் விசாரணையில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. பொது இடத்து வைஃபையில் சேருபவரின் அடையாள அட்டை நகலையோ, எஸ்எம்எஸ் வழியாக உறுதிசெய்த செல்போன் நம்பரையோ ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். நம் கட்டடத்திலேயே இரண்டு வீட்டு வைஃபை பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடப்பதை லிஃப்ட் பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். எந்த வீடு என்று மேடையில் சொல்ல மாட்டேன், தயவுசெய்து இன்றைக்கே பூட்டுங்கள்.

வளைகுடாவிலிருந்து லீவில் வரும் பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். அவர்களுடைய வெளிநாட்டு நம்பருக்கு ஓடிபி பல இடத்தில் வராது. பாஸ்போர்ட்டைக் காட்டி ரிசப்ஷனிலேயே யூசர் பெயர் கேட்டு வாங்குங்கள். அந்த உத்தரவிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

இனி பைசா விஷயம். வங்கியில் வேலை பார்த்தவன், இதைச் சொல்லாமல் இறங்கினால் நீங்களே விடமாட்டீர்கள்.

ஏற்கெனவே பதிவு செய்த யுபிஐ செயலி வைஃபையில் வேலை செய்யும். ஆனால் புதிதாகப் பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ஆகவே ரிசார்ட்டில் இருந்துகொண்டு செயலியை அழித்துப் போடுவது, புதுப் போனுக்கு மாறுவது போன்ற சாகசம் வேண்டாம். கார்டில் ஆன்லைனாகக் கட்டினால் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும், சிக்னல் இல்லாவிட்டால் வராது. சிக்னல் இருந்து நெட் மட்டும் இல்லாத இடத்தில் *99# என்று டயல் செய்து பணம் அனுப்பலாம். 2014 முதல் நாடு முழுவதும் இருக்கிறது, பட்டன் போனிலும் வேலை செய்யும். இரண்டும் இல்லாத இடத்துக்குக் கையில் கொஞ்சம் ரொக்கம். நான் மூவாயிரம் தனியாக மடித்து வைத்துக்கொள்வேன், வீட்டில் சிரிப்பார்கள்.

ரிசார்ட் வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்தாலே பணம் போய்விடும் என்று ஒரு பயம் சுற்றுகிறது. வங்கிச் செயலிகள் பூட்டிய உறையில்தான் தகவல் அனுப்புகின்றன, வழியில் நிற்பவன் வாசிக்க முடியாது. ஆபத்து வேறு இடத்தில். ரிசார்ட் பெயரை ஒத்த போலி வைஃபை ஒன்று வரலாம். அதில் சேர்ந்தால் வங்கிப் பக்கம் போலவே ஒன்று திறந்து பாஸ்வேர்டு கேட்கலாம். வேகமான நெட்டுக்கு இந்தச் செயலியைப் போடுங்கள் என்று ஒரு ஃபைல் வரலாம். வைஃபையில் சேர வைக்கும் கியூஆர் கோடு யுபிஐ பின் கேட்காது. பணம் வாங்குவதற்குக்கூடப் பின் போட வேண்டியதில்லை. சரியான பெயரை ரிசப்ஷனில் கேட்டுச் சேருங்கள். வங்கி வேலையை முடிந்தவரை மொபைல் டேட்டாவில் செய்யுங்கள்.

அப்படியும் பணம் போனால் 1930க்கு உடனே அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் வெளியே எங்கோ நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நீங்களே ஓடிபி சொல்லிக்கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் நேரம் வரை போனது உங்கள் கணக்கு, அதற்குப் பிறகு போவது வங்கியின் கணக்கு. சிக்னல் இல்லாத இடத்தில் டெபிட் எஸ்எம்எஸ்ஸே வராது என்பதால், ஊருக்குள் இறங்கியதும் முதலில் அதைப் பாருங்கள்.

நமக்கென்று ஒரு எல்லைப் பிரச்சினையும் உண்டு. கொல்லங்கோடு, களியக்காவிளைப் பக்கம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே போன் கேரளக் கோபுரத்தைப் பிடித்து ரோமிங் காசு வாங்கிய காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 1956ல் போட்ட எல்லை கோபுரத்துக்குத் தெரியாது. 2017 வாக்கில் அந்தக் கட்டணம் போய்விட்டது, பூவாறுக்கோ மூணாறுக்கோ போக இனி பயமில்லை. ஆனால் ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகிறவர்கள் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். அங்கே இலங்கைக் கோபுரம் போனில் ஏறும்.

வரும் மே மாதம் கொடைக்கானல் போகலாம் என்று பேச்சு இருக்கிறது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். மலை ஏறியபிறகு நெட் தேடாமல் இங்கேயே எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்வோம். புக்கிங் ரசீது, ஆதார், மலைப்பாதை மேப் எல்லாவற்றையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, செயற்குழுவின் சம்மதத்தோடு ஒரு ஏற்பாடு. செக்யூரிட்டி மேசையில் ஒரு நீலநிற நோட்டு வைத்திருக்கிறோம். ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும், தங்கும் இடத்தின் லேண்ட்லைன் நம்பர், கூட வரும் ஒருவரின் நம்பர், வீட்டில் முதியவர் இருந்தால் அவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பக்கத்தில் என் வீட்டு விவரம் இருக்கிறது. மாத்திரைப் பெயர் எழுதத் தெரியாதவர்கள் அட்டையைக் கொண்டுவந்தால் செக்யூரிட்டி அண்ணனே பார்த்து எழுதிக்கொள்வார்.

வைஃபை காலிங் சோதிக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு நாலு மணிக்கு மேல் என் வீட்டுக்குப் போனோடு வாருங்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். என் வீட்டில் ஒரு சார்ஜர்தான் உண்டு.